வெள்ளைத் தட்டும் பாய்மரக் கப்பலும்

கோடைப் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். இந்த மலையில் பெய்கிற மழை கடலில் இருந்து வருவதுதானே.

நார்வேயில் ஸ்டாட்ஸ்ராட் லெம்குல் என்று ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. 1914இல் ஜெர்மனியில் கட்டியது. மூன்று பாய்மரம், 98 மீட்டர் நீளம். இந்த வயதில் 2021 ஆகஸ்டில் கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2023 ஏப்ரலில் ஊர் திரும்பியது. போன வழியெல்லாம் கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் கரியமில வாயுவையும் கருவிகள் பதிந்துகொண்டே வந்தன. பசிபிக்கைக் கடக்கும்போது பெர்கன் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கப்பலிலேயே பாடம். தூங்குவது தூளியில். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. நடுராத்திரி எழுப்பினாலும் எழுந்து கயிறு இழுக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன்... சரி, அது வேறு கதை.

இந்தக் காலத்தில் பாய் எதற்கு? எஞ்சினை நிறுத்தினால் இரைச்சல் இல்லை. தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கித் திமிங்கிலத்தின் குரலைக் கேட்கலாம். புகையும் இல்லை. சரக்குக் கப்பலைப்போல நேரத்துக்குத் துறைமுகம் சேரும் அவசரமும் இல்லை.

கடலை அளக்கும் கருவிகளில் எனக்குப் பிடித்தது வெறும் வெள்ளைத் தட்டு. முப்பது சென்டிமீட்டர் அகலம், அடியில் எடை, அளவு குறித்த ஒரு கயிறு. உச்சி வெயிலில், கப்பலின் நிழல் விழும் பக்கமாக மெதுவாக இறக்க வேண்டும். வெள்ளை பச்சையாகி, மங்கி, ஓரிடத்தில் மறையும். அந்த ஆழத்தைக் குறித்துவிட்டு மேலே இழுத்தால் மறுபடி தெரியும். அதையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுப்பார்கள். சேறு கலக்காத நடுக்கடலில் தட்டு சீக்கிரம் மறைந்தால் நுண்பாசி நிறைய என்று பொருள். உலகத்து ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி இந்தப் பாசிகளின் வேலை. மேல்நீர் சூடேறினால் ஆழத்துச் சத்து மேலே வந்து கலப்பது குறையும், பாசி பட்டினி கிடக்கும். அதனால்தான் இத்தனை அளவெடுப்பு.

செக்கி தட்டு என்று அதற்குப் பெயர். செக்கி ரோமில் இருந்த இயேசு சபைப் பாதிரியார், சூரியனை ஆராய்ந்தவர். 1865இல் போப்பாண்டவரின் கப்பலில் இருந்து தட்டை இறக்கிப் பார்த்தார். நம் ஊரில் 1899இல் வந்த சூரிய ஆய்வகம், செண்பகனூரில் இயேசு சபை அருங்காட்சியகம் என்று இரண்டுமே உண்டு. மனுஷன் இங்கே வந்திருந்தால் திரும்பிப் போயிருக்கமாட்டார்.

நம் கடற்படையிலும் ஐஎன்எஸ் தரங்கிணி, சுதர்ஷினி என்ற பாய்மரக் கப்பல்கள் இருக்கின்றன. ஆனால் அவை கடற்படையினரின் பயிற்சிக்கு. அந்தப் பயணங்களில் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் ஆசை. அதில் ஒருவராவது மலைப் பிள்ளையாக இருக்கட்டும்.

அதுவரை ஏரி இருக்கிறதே! பழைய தட்டுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, ஆசிரியரோடு, உயிர்காப்புச் சட்டை போட்டுப் படகில் போய் இறக்கிப் பாருங்கள். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. அளவு மாறினால் காரணம் பாசியா, கரைந்து வந்த மண்ணா என்று தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, தெளியவைத்துப் பார்த்தபிறகு எழுதுங்கள். வணக்கம்.