எம்-சாண்ட் தண்ணீரைக் குடிக்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாள் மாலை நான்கு மணி. கான்கிரீட் லேபைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரம். இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன் வாசலில் வந்து தயங்கி நின்றான். "சார், எம்-சாண்ட் தண்ணியக் குடிக்கும்னு எங்கப்பா சொல்றாரு. நெஜமா சார்?" என்று கேட்டான். அவனுடைய அப்பா கொத்தனார். ஆற்று மணலில் இருபது வருடம் கலவை போட்டுப் பழகிய கை. எம்-சாண்ட் வந்த பிறகு, அதே அளவு தண்ணீர் ஊற்றினால் கலவை இறுகி நிற்கிறது, இன்னும் ஒரு வாளி ஊற்றினால்தான் கரணைக்கு வருகிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

பதில் எனக்குத் தெரியும். ஆற்று மணல் உருண்டு உருண்டு வழவழப்பானது. எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது; அதன் துகள் கோணல்மாணலாக இருக்கும், கூடவே கல்தூளும் இருக்கும். இரண்டும் சேர்ந்து தண்ணீரை இழுக்கும். இதை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால், "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு அவன் பேருந்துக்கு ஓடியிருப்பான். நான் சொல்லவில்லை. "எவ்வளவு குடிக்கும்? அந்த ஒரு வாளித் தண்ணீருக்கு வலிமை எவ்வளவு குறையும்? அளந்து சொல்லேன்" என்றேன்.

இளநிலைப் பொறியியல் மாணவர்களுக்கான ஆராய்ச்சி வாய்ப்புகள் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு ஆராய்ச்சி என்றால் இன்றைக்கும் அந்தப் பையனின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அவன் தன் ஊர் குவாரியிலிருந்தே இரண்டு மூட்டை எம்-சாண்ட் கொண்டுவந்தான். சிமென்டின் எடைக்குப் பாதி எடை தண்ணீர் என்று ஒரு கலவை, அதாவது விகிதம் 0.50. அடுத்து 0.55, அப்புறம் 0.60. ஒவ்வொன்றிலும் 7-ஆம் நாள் சோதனைக்கு மூன்று, 28-ஆம் நாள் சோதனைக்கு மூன்று என்று மொத்தம் 18 கான்கிரீட் கட்டிகள். 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டி ஒன்று எட்டு கிலோ இருக்கும். மோல்டுக்கு எண்ணெய் தடவி, மூன்று அடுக்காகக் கலவையைப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 35 குத்து குத்தி, மேலே கரணையால் தடவி, மறுநாள் மோல்டைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். பாடத்தில் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுவோம். செய்தால் இடுப்பு வலிக்கும்.

28-ஆம் நாள் வந்தது. கட்டியை இயந்திரத்தின் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சுமையை ஏற்றுவோம். சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும் கட்டியை உடைக்க ஏறத்தாழ 70 டன் சுமை வேண்டும். 0.55 விகிதத்தில் இரண்டு கட்டிகள் 29-ஐ ஒட்டி உடைந்தன. மூன்றாவது 22-லேயே உடைந்துவிட்டது.

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. "சார், இத மட்டும் விட்டுட்டு எழுதிரலாமா?" என்றான்.

நேயர்களே, இந்தக் கேள்வி வந்து நிற்கும் இடத்தில்தான் ஆராய்ச்சிப் படிப்பே தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். நம் வழக்கமான லேபில் இது வரவே வராது. சீனியர் மாணவரின் ரெக்கார்டு நோட்டில் விடை இருக்கிறது. நம் அளவு அதோடு ஒத்துவராவிட்டால் பென்சிலால் கொஞ்சம் திருத்தினால் போச்சு. மதிப்பெண்ணும் விழுந்துவிடும். ஆனால் இவனுடைய கேள்விக்கு எந்த சீனியரிடமும் விடை இல்லை. அந்தக் குவாரியின் மணலை அவனுக்கு முன் எங்கள் லேபில் யாரும் சோதித்ததில்லை.

விட முடியாது என்றேன். மூன்று கட்டிகளின் சராசரியிலிருந்து எந்த ஒன்றும் 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று இந்தியத் தரவிதி சொல்கிறது. இங்கே விலகிவிட்டது. அப்படியானால் அந்தத் தொகுப்பே செல்லாது. 22 என்பதையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து ஓடிவந்தான். கட்டி உடைவதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்திருக்கிறான். அதைப் பெரிதாக்கிக் காட்டினான். மற்ற இரண்டு கட்டிகளிலும் மோல்டின் சுவரை ஒட்டியிருந்த மழமழப்பான பக்கங்கள் தட்டில் பட்டிருந்தன. இந்த ஒன்றில் மட்டும் கரணையால் தடவிய மேல்பக்கம் தட்டில் பட்டிருந்தது. அந்தப் பக்கம் எவ்வளவு தடவினாலும் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். மேடான இடத்தில் சுமை குவிந்து கட்டி சீக்கிரம் உடைந்துவிடும். அப்படி வைக்கக் கூடாது என்று சோதனை விதியிலேயே இருக்கிறது. வகுப்பில் நானே சொல்லித்தந்த விதி.

அவன் அதோடு நிற்கவில்லை. "இதுதான் காரணம்னு எப்படி சார் உறுதியா சொல்றது?" என்று அவனே கேட்டான். மறுபடி ஆறு கட்டிகள் போட்டான். மூன்றைச் சரியாக வைத்தும் மூன்றை வேண்டுமென்றே தப்பாக வைத்தும் உடைத்தான். அதற்கு இன்னொரு 28 நாள். தப்பாக வைத்த மூன்றும் முன்னாடியே உடைந்தன. அன்று மாலை அவன் நோட்டை மூடி வைத்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அவன் புதிதாக எதையும் உலகத்துக்குக் கண்டுபிடித்துத் தரவில்லை. தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலிமை குறையும் என்பதை சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பையன் தன் ஊர் மணலில் அதைத் தன் கையால் அளந்தான். ஒரு எண் தப்பாக வந்தபோது ஒளித்து வைக்காமல் அதன் பின்னாலேயே போனான். நாளை ஒரு பாலத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அவன் பொறுப்பேற்கும்போது இந்தப் பழக்கம்தான் துணைக்கு வரும்.

இப்படியான வேலைக்கு நம் கல்லூரிகளில் இடம் எங்கே இருக்கிறது? எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டில் என்று சொல்வார்கள். அதற்குள் வேலைவாய்ப்பு நேர்காணல்கள் முடிந்து, மனசு கல்லூரியை விட்டுப் போயிருக்கும். நகரங்களில் ப்ராஜெக்ட் செய்துகொடுப்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. பணம் கட்டினால் போதும். சர்க்யூட், கணினி நிரல், அச்சடித்து பைண்ட் செய்த அறிக்கை, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். ஒரு வைவாவில் மாணவர் குழுவிடம், "இந்த ரெசிஸ்டரை ஏன் இங்கே போட்டீர்கள்?" என்று கேட்டேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்றரை வருடம் யாரும் அவர்களிடம் ஒரு உண்மையான கேள்வியைக் கொடுக்கவில்லையே என்ற வருத்தம்தான் வந்தது.

இதே குறையை வேறொரு நாட்டில் ஒருவர் 1957-லேயே எடுத்துச் சொன்னார். போலராய்டு கேமராவை உருவாக்கிய எட்வின் லேண்ட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேசும்போது, முதல் ஆண்டில் நுழையும் மாணவனுக்கே சொந்தமாக ஓர் ஆராய்ச்சி வேலை இருக்க வேண்டும் என்று வாதாடினார். அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியரான மார்கரெட் மெக்விகார் என்ற பெண்மணி 1969-ல் அதைத் திட்டமாக்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. யூரோப் (UROP) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தத் திட்டத்தில் முதல் ஆண்டு மாணவர்களும் பேராசிரியர்களின் ஆய்வுக்கூடத்தில் சேரலாம். செய்யும் வேலைக்குச் சம்பளம் வாங்கலாம், அல்லது பாடத்துக்கான கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சம்பளம் பெரிய விஷயம். பகுதிநேர வேலைக்குப் போனால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் ஆய்வுக்கூடக் கதவு திறக்கிறது. இன்று அங்கே பட்டம் வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒருமுறையாவது இதில் சேர்ந்தவர்கள்.

அது பணக்கார நாடு, நம்மால் ஆகுமா என்று கேட்கலாம். 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அனுசாட் போனது. 40 கிலோ எடையுள்ள அந்தச் செயற்கைக்கோள் சென்னை குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் உருவானது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டிய முதல் செயற்கைக்கோள் அதுதான். அடுத்த ஆண்டே, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த ஸ்டட்சாட் பறந்தது. அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டுக்கும் இஸ்ரோ துணை நின்றது. ஆனாலும் எல்லாரும் செயற்கைக்கோள் செய்ய வேண்டியதில்லை. தர்மபுரிப் பக்கத்துக் கிணற்றில் ஃப்ளோரைடு எவ்வளவு, நொய்யல் கரையில் சாயம் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, பாம்பன் காற்றில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று கேள்விகள் நம் வாசலிலேயே கிடக்கின்றன.

சரி, மாணவர்கள் என்ன செய்யலாம்? முதலில் உங்கள் துறையிலேயே பாருங்கள். பி.எச்டி. செய்துகொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். "சார், சனிக்கிழமை வந்து உதவட்டுமா?" என்று கேளுங்கள். ஆரம்பத்தில் பீக்கர் கழுவச் சொல்வார், அளவுகளை எக்செல்லில் ஏற்றச் சொல்வார். செய்யுங்கள். அந்த வேலையில்தான் ஒரு சோதனை எங்கே கெடும் என்பது கண்ணில் படும்.

வெளியே போக விரும்பினால், நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம் ஓர் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானி ஒருவரிடம் வேலை செய்யலாம். பயிற்சி கோடையில் என்றாலும் விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே அனுப்பிவிட வேண்டும். நிறையப் பேர் ஏப்ரலில் வந்து கேட்டு ஏமாந்து போகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற பல ஐ.ஐ.டி.களும் வெளிக் கல்லூரி மாணவர்களைக் கோடையில் எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு நிதி தருகிறது. தொகை சிறியதுதான், ஆனால் எங்கள் லேப் போன்ற இடத்தில் ஒரு சென்சாருக்கும் நான்கு மூட்டை சிமென்டுக்கும் அது பெரிய உதவி. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கனடாவிலும் ஜெர்மனியிலும் கூடக் கோடை வாய்ப்புகள் உண்டு.

பேராசிரியர்களுக்கு எழுதும் கடிதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கே வாரம் பத்து மின்னஞ்சல் வரும். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று தொடங்கும். எந்த ஆராய்ச்சி என்று இருக்காது. ஒரே கடிதம் நூறு பேருக்குப் போயிருக்கும். அப்படி வேண்டாம். அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படியுங்கள். முழுக்கப் புரியாது, பரவாயில்லை. புரிந்த ஒரு படத்தைப் பற்றி, புரியாத ஒரு வரியைப் பற்றி எழுதுங்கள். எட்டு வரி போதும். ஆங்கிலத்தில் சின்னப் பிழை இருந்தாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்லூரி நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேருந்து நேரம். எங்கள் வட்டாரத்தில் கல்லூரிப் பேருந்துகள் எல்லாம் மாலை நாலேகாலுக்குக் கிளம்பிவிடும். லேப் வகுப்பு நான்கு மணிக்கு முடியும். சோதனை செய்ய மாணவர்களுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். பையன்கள் எப்படியோ டவுன் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளால் முடிவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் மாணவி ஒருத்தி, மிகவும் கெட்டிக்காரி, சோதனை பாதியில் நிற்கும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்காகப் பேசிப் பேசி, வாரத்தில் இரண்டு நாள் ஆறு மணிக்கு ஒரு பேருந்து விட வைத்தோம். முதல் வாரம் அதில் ஒன்பது பேர் போனார்கள். செமஸ்டர் முடிவதற்குள் உட்கார இடமில்லை. கோடிக்கணக்கில் கருவி வாங்கும் முன் இப்படி ஒரு பேருந்து விட்டுப் பாருங்கள்.

அந்தக் கொத்தனார் மகனின் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. 0.50-லிருந்து 0.60-க்குப் போனபோது வலிமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு சனிக்கிழமை அவன் தன் அப்பாவை லேபுக்கு அழைத்துவந்தான். அவர் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மகன் இரண்டு கட்டிகளை அவர் கண் முன்னால் உடைத்துக் காட்டினான். முள் நின்ற இடங்களை அவர் மாறி மாறிப் பார்த்தார். உடைந்த துண்டு ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஒரு வாளித் தண்ணிக்கா இவ்ளோ?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு என்னிடம் கேட்டார். "ஏன் சார், காலைல வெள்ளன போடுற கலவைக்கும் உச்சி வெயில்ல போடுற கலவைக்கும் இதே மாதிரி வித்தியாசம் இருக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாடியே மகன் நோட்டை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தான்.

வணக்கம்.