மரத்துக்கு ஒரு பட்டா

அனைவருக்கும் வணக்கம்.

மரம் பற்றிய கூட்டம் என்றால் நிழல், காற்று, பறவை என்று பேசிவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு கன்றைக் கையில் கொடுத்து அனுப்புவது வழக்கம். இன்று கன்று கிடையாது. நூறு, இருநூறு வருடங்களாக இந்த நகரத்தில் நின்றுகொண்டிருக்கிற மரங்களை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் பேச்சு. அதில் பாதி தாலுகா ஆபீஸ் பேச்சாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் முதுமரம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அடையாறு ஆலமரம். 1882இல் பிரம்மஞான சபை அடையாற்றில் இடம் வாங்கியபோதே அது பெரிய மரம். வயது 450 இருக்கும் என்கிறார்கள். அன்னி பெசன்ட் அம்மையார், ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று பலர் அதன் நிழலில் பேசியிருக்கிறார்கள். 1989இல் அடித்த புயல்காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. ஆனால் மரம் போகவில்லை. விழுதுகள் தூண்களாகி இன்றும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், சிப்பூர் தாவரவியல் பூங்காவில் இருக்கும் பெரிய ஆலமரத்துக்கும் இதே கதைதான். பூஞ்சை தாக்கியதால் 1925இல் அதன் தாய்மரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். நூறு வருடமாகத் தாய்மரம் இல்லாமலேயே அது பரவிக்கொண்டிருக்கிறது.

எப்படி முடிந்தது? விழுது இறங்கிய இடத்தில் மண் இருந்தது, அவ்வளவுதான். அடையாறு ஆலமரத்தை மயிலாப்பூரில் ஒரு பஸ் போகிற தெருவில் வைத்துப் பாருங்கள். விழுது இறங்கினால் கீழே தார் இருக்கும். அதற்கு முன்பே, பஸ் மேல் உரசுகிறது என்று விழுதை வெட்டியிருப்பார்கள். தாய்மரம் சாய்ந்த அன்றே மரத்தின் கதை முடிந்திருக்கும். மரத்தின் ஆயுளை அதன் காலடியில் இருக்கும் நிலம்தான் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வந்ததும் இது ஒன்றுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

ஒரு மரத்தை ‘முக்கியமான மரம்’ என்று தனியே அடையாளம் காட்டுவது நமக்குப் புதிதில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் புன்னை, திருவான்மியூரில் வன்னி, திருவொற்றியூரில் மகிழம். அந்த மகிழமரத்தடியில்தான் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தார். சந்நிதியில் சத்தியம் கேட்டால் சிவன் அந்த நேரத்துக்கு மகிழின் கீழ் போய் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்தார். சிவனோ, மகிழின் கீழேயே சத்தியம் கேள் என்று சங்கிலியாரிடம் சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறிச் சுந்தரர் பிரிந்து போனார், அவர் பார்வை போனது. அந்தக் கதையில் மரம் சாட்சி. அரசாணை இல்லாமல், அறிவிப்புப் பலகை இல்லாமல், தலபுராணத்தின் பலத்திலேயே இந்த மரங்கள் நின்றிருக்கின்றன. யாரும் கோடரியோடு கிட்டே போக மாட்டார்கள்.

ஆனால் சிமென்ட் மூட்டையோடு போவோம்! அதில் நமக்குக் கூச்சமே இல்லை. பிரகாரத்துக்குக் கருங்கல் தளம் போடும்போது மரத்தின் கழுத்து வரைக்கும் இழுத்துப் போடுகிறோம். தெருமுனை அரசமரத்தைச் சுற்றி மேடை கட்டி, உள்ளே மண்ணைக் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டி, பிள்ளையாரை வைத்து உபயதாரர் பெயரையும் எழுதிவிடுகிறோம். பக்திதான், சந்தேகமில்லை. அடிமரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு மண் கொட்டினால் பட்டை அழுகும், வேருக்குக் காற்று போகாது. சாகப் பத்து வருடம் ஆகும் என்பதால் யாரும் நம்மைக் குறை சொல்வதில்லை.

வேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. மரம் மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் கீழே வேர் போயிருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஆழத்துக்குப் பதிலாக அகலத்தில் ஓடுகின்றன, கிளைகளின் பரப்பைத் தாண்டியும் ஓடும். தண்ணீரும் சத்தும் எடுக்கும் நுனிவேர்கள் மயிர் போல மெல்லியவை. அவற்றுக்கு மண்ணுக்குள் காற்றும் வேண்டும். தினமும் கார் ஏறி நின்று இறுகிப்போன மண்ணில் அந்தக் காற்று இருக்காது.

இப்போது நம் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மழைநீர் வடிகால். இன்னொரு பக்கம் கேபிள் பள்ளம். அப்புறம் குடிநீர்க் குழாய், நடைபாதைக் கல். ஒவ்வொன்றும் அந்த மேல் மூன்றடிக்குள்ளேதான் வருகிறது. ஜேசிபி ஒரு பக்கத்து வேரை ஒரே இழுப்பில் எடுத்துவிடும். மரம் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. இலை பச்சையாகவே இருக்கும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி என்று வெளிநாட்டு மரங்களை நட்டதுதான் காரணம் என்று எல்லோரும் பேசினோம். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விழுந்த மரங்களின் அடியைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தெருவோரத்து மரங்கள் பலவற்றில் வேர்க்கட்டு ஒரு பக்கம் மழுங்க வெட்டுப்பட்டுப் பலகை மாதிரி இருந்தது. அந்த வேர்கள் புயலுக்கு வெகு முன்பே போய்விட்டவை.

சரி, ஒரு மரத்துக்கு எவ்வளவு நிலம்தான் வேண்டும்? பிரிட்டனில் கட்டுமான வேலைகளுக்கென்று ஒரு தரவிதி வைத்திருக்கிறார்கள். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ, அதைப் போல் 12 மடங்கு ஆரத்துக்கு ஒரு வட்டம் போடு, அந்த வட்டத்துக்குள் தோண்டாதே, கொட்டாதே, வண்டி ஏற்றாதே என்பது அதன் சாரம். நம் ஊர் மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 3 மீட்டர் என்றால் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வட்டத்தின் ஆரம் பதினொன்றரை மீட்டர் வரும். பரப்பு சுமார் 4,400 சதுர அடி. அதாவது இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தியாகராய நகரில் இரண்டு கிரவுண்டு என்ன விலை என்று யோசித்தால் நம் மரங்களின் பிரச்சினை உடனே புரிந்துவிடும். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி மரங்களுக்காக ஓர் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமென்ட் இல்லாமல் விடுங்கள் என்றது. பன்னிரண்டு மீட்டர் தேவைப்படுகிற இடத்தில் ஒரு மீட்டருக்கே தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்கிறது.

அதனால்தான் மரத்துக்குப் பட்டா வேண்டும் என்கிறேன். பட்டாவில் பெயர் மட்டுமா இருக்கிறது? சர்வே எண் இருக்கிறது, விஸ்தீரணம் இருக்கிறது. யாராவது வேலி போட்டால் ஆக்கிரமிப்பு என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. ‘பாரம்பரிய மரம்’ என்று பலகை வைத்துவிட்டு அதன் விஸ்தீரணத்தைச் சொல்லாமல் விட்டால் அது என்ன பட்டா?

இதை ஓரளவு ஒழுங்காகச் செய்த ஊர் சிங்கப்பூர். நிலப் பஞ்சம் நம்மைவிட அவர்களுக்கு அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1991இல் தீவின் சில பகுதிகளை மரப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தார்கள். அங்கே ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை, அது உங்கள் சொந்த வீட்டுத் தோட்டத்தில் இருந்தாலும், அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 2001இல் மரபுடைமை மரத் திட்டம் வந்தது. பொதுவாக 5 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரம், அல்லது அரிய இனம், அல்லது வரலாற்றோடு தொடர்புள்ள மரம் என்று பொதுமக்களே பரிந்துரைக்கலாம். நிபுணர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வான மரத்துக்குப் பலகை உண்டு, அதோடு இடிதாங்கியும் உண்டு. இடிதாங்கி வைப்பவன் அந்த மரம் இன்னும் நூறு வருடம் இருக்கும் என்று நம்புகிறான், அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்களுடைய ஐந்து டாலர் நோட்டில் தாவரவியல் பூங்காவின் தெம்புசு மரம் ஒன்று இருக்கிறது. நோட்டில் மரத்தைப் போடுகிற நாடு!

அங்கேயும் தவறு நடந்தது. 2002இல் சாங்கி வட்டாரத்தில் 150 வயதுக்கு மேற்பட்ட, மிக அரிய ஹோப்பியா சங்கால் மரம் ஒன்றை ஒரு நிறுவனம் அனுமதியில்லாமல் வெட்டிவிட்டது. அபராதம் 8,000 டாலர். தவிர, மரத்தின் மதிப்பு என்று அரசுக்கு 76,000 டாலருக்கு மேல் இழப்பீடும் கட்டினார்கள். அபராதம் சின்னதாக இருந்தாலும் மரத்துக்கு விலை போட்டு வசூலித்தார்கள் பாருங்கள், அதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் விலை போட்டுப் பார்த்தோம். மேற்கு வங்கத்தில் ஜெசோர் சாலையை ஒட்டி மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. அதை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும். முதுமரம் என்றால் கோடிக்குப் போகும். நாடே அதைப் பேசியது. 2023இல் மரங்களை வெட்ட அதே நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. கணக்கு கணக்காக நின்றுவிட்டது.

மகாராட்டிரத்தில் நகர மரங்களுக்கு 1975இலிருந்து சட்டம் இருக்கிறது. 2021இல் அதைத் திருத்தி, 50 வயது தாண்டினால் பாரம்பரிய மரம் என்றார்கள். நல்லது. வெட்டினால் அதன் வயது எவ்வளவோ அத்தனை கன்று நட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இதைக் கேட்டுப் பலர் கைதட்டினார்கள், எனக்குத் தட்டத் தோன்றவில்லை. அறுபது வயது மரத்துக்கு அறுபது கன்று என்று விகிதம் சொன்ன நிமிடமே, வெட்டுவதற்கு ஒரு ரேட் கார்டு கிடைத்துவிடுகிறது. கர்நாடகத்துக்கு 1976 முதல், தில்லிக்கு 1994 முதல் மரச் சட்டம் உண்டு. நம் மாநிலத்தில் மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955இலேயே சட்டம் போட்டோம். சமவெளியில் நகரத்து மரத்துக்கு அப்படி ஒரு வலுவான தனிச் சட்டம் இல்லாமலேயே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. இப்போது மாவட்டப் பசுமைக் குழு அனுமதி என்று ஒரு நடைமுறை இருக்கிறது. அந்தக் குழுவிடம் ‘மரத்தை வெட்டலாமா’ என்றுதான் கேட்கிறார்கள். ‘வேரை வெட்டலாமா’ என்று எந்தத் துறையும் வந்து கேட்பதில்லை.

இதுவரை மரத்தின் பக்கம் பேசினேன். மனிதர்களின் பக்கமும் பேசாவிட்டால் அது நேர்மையில்லை. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 270 வயதுக்கு மேற்பட்ட ஒரு தெம்புசு, நோட்டில் உள்ளது இல்லை, வேறொன்று, வேரோடு சாய்ந்து ஒரு பெண் இறந்தார். அதுவும் மரபுடைமை மரம்தான். சில மாதம் முன்புதான் பரிசோதித்து நலம் என்று சொல்லியிருந்தார்கள். 2022 ஜூலையில் சண்டிகரில், பாரம்பரிய மரம் என்று அறிவிக்கப்பட்ட 250 வயது அரசமரம் பள்ளி வளாகத்தில் விழுந்து ஒரு மாணவி இறந்தார், பல குழந்தைகள் காயமடைந்தார்கள். இப்படி ஒன்று நடந்த மறுநாள் ஊரிலுள்ள பெரிய மரத்துக்கெல்லாம் ரம்பம் வரும். பெற்றோர் பயப்படுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் பேரப்பிள்ளை படிக்கிற பள்ளி என்றால் நானும் பயப்படுவேன்.

ஆக, ஒரு மரத்தைப் பாரம்பரிய மரம் என்று அறிவிப்பது ஒரு பொறுப்பை ஏற்பது. வருடந்தோறும் தெரிந்தவர் ஒருவர் வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும், அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கிளைக்குத் தாங்கு கொடுக்க வேண்டும், பாரத்தைக் குறைக்க வேண்டும். மொட்டையடிப்பதைச் சொல்லவில்லை. சில மரங்களின் கீழே பெஞ்சை எடுத்துவிட்டு ஆள் போகாமல் செடி வளர்க்க வேண்டும், அது வேருக்கும் நல்லது. இதற்கெல்லாம் பிறகும் சில மரங்களை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லும் தைரியம் இருந்தால்தான் மற்ற மரங்களுக்காக நாம் பேசும்போது யாராவது கேட்பார்கள்.

இங்கே என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். மெல்பர்ன் நகரம் தன்னுடைய சுமார் 70,000 மரங்களுக்கு எண் கொடுத்து, கிளை ஒடிந்தால் தெரிவிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. மக்கள் கிளை ஒடிந்ததைத் தெரிவிப்பதோடு நிற்காமல், மரங்களுக்கே காதல் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வார்டுக்கு இருபது மரம் போதும். ஒரு டேப் எடுத்துக்கொண்டு, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுங்கள். வனத்துறையும் அந்த உயரத்தில்தான் அளக்கிறது. வயதை மட்டும் அடித்துவிடாதீர்கள். நம் வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இருக்காது, ‘ஆயிரம் வருட மரம்’ என்று எழுதினால் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொண்டாட்டம். சுற்றளவு பொய் சொல்லாது. பெரிய மரம் மட்டுமல்ல, நம் ஊரில் அரிதாக இருக்கும் பொந்தன்புளி மாதிரியானவை சின்னதாக இருந்தாலும் சேருங்கள். கோயில், மசூதி, தேவாலயம், பள்ளி வளாகம், பழைய பங்களா எதையும் விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வட்டத்தைக் கணக்குப் போட்டுத் தெரு வரைபடத்தில் வரையுங்கள்.

வரைபடத்தை எங்கே கொடுப்பது என்பதுதான் முக்கியம். பூங்காத் துறையிடம் கொடுத்தால் சந்தோஷப்பட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்க வேண்டியது வடிகால், சாலை, மின்கேபிள் வேலைகளுக்கு எஸ்டிமேட் போடும் பொறியாளரிடம். டெண்டர் விடுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். ஜேசிபி வந்து நின்ற பிறகு மனிதச் சங்கிலி அமைத்துப் பயனில்லை. ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும் வரைபடத்தில் அந்த வட்டம் இருந்தால், கால்வாயைப் பத்தடி தள்ளிப் போடலாம், அல்லது அந்த இடத்தில் மட்டும் வேரை வெட்டாமல் கையால் தோண்டச் சொல்லலாம். கூடுதல் செலவை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடலாம். வட்டம் இல்லாவிட்டால் அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை, அவருக்குக் கொடுத்த தாளில் அந்த இடம் வெறும் நடைபாதை.

டேப்பும் படிவமும் பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறார்கள். முதல் வரிசையில் ஒரு பெரியவர் பத்து நிமிடமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஐயா, நீங்கள் கேளுங்கள்.