எம்பி3 ஆக்க ஏன் இவ்வளவு நேரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவு வேலை பார்க்கிற எவரையும் விடாமல் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு. “ஒரு மணி நேரப் பேச்சை எம்பி3 ஆக்குவதற்குள் பொழுதே போய்விடுகிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கட்டுமா?” கொஞ்சம் பொறுங்கள் என்பேன். பழைய லேப்டாப்கூட அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். அதற்கு மேல் ஆகிறதென்றால், நேரம் வேறெங்கோ ஒழுகுகிறது.

எனக்கு முதல் சந்தேகம் பென் டிரைவ் மேல்தான் வரும். அதிலிருந்தே படித்து அதிலேயே எழுதச் சொன்னால் எந்த மென்பொருளும் திணறும். ஃபைலை முதலில் கம்ப்யூட்டருக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் பாதி நேரம் ஏற்றுவதற்கும் இறக்குவதற்குமே சரியாகப் போய்விடும். வீட்டுப் பேச்சை முன்பின் தெரியாதவர் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறோம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை.

அடுத்தது ஆடாசிட்டி, ஒலிப்பதிவை வெட்டித் திருத்தப் பலரும் வைத்திருக்கும் மென்பொருள். போனில் பதிவான ஒரு மணி நேரப் பேச்சு 60 மெகாபைட்டுக்குள் இருக்கும். அதை ஆடாசிட்டியில் திறந்தால், சுருக்கி வைத்த ஒலி முழுவதையும் அது விரித்துக்கொள்கிறது. ஸ்டீரியோவாக, அதாவது இடம், வலம் என்று இரண்டு தடமாக இருந்தால் 1.2 ஜிபி அளவுக்கு டிஸ்க்கில் எழுதுகிறது. நாம் தொடக்கத்தில் ஒரு இருமலையும் கடைசியில் நாற்காலிச் சத்தத்தையும் வெட்டிவிட்டு எம்பி3 ஆக்கச் சொல்கிறோம். விரித்த அத்தனையையும் அது மறுபடி சுருக்க வேண்டும். நேரமும் போகிறது, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி தரமும் ஒரு படி இறங்குகிறது. ஆள் ஒருவர் பேசுகிற பதிவுக்கு ஸ்டீரியோ எதற்கு? ஒரே தடமுள்ள மோனோவாக்கினால் எழுதுகிற சுமை பாதியாகிவிடும்.

உண்மையில் வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் ஃபைலை மாற்றவே வேண்டாம். லாஸ்லெஸ்கட் என்றொரு மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. ஒலியை விரிக்காமல் வேண்டிய துண்டை அப்படியே எடுத்து வைக்கும், சில நொடிகளில். உள்ளே உழைப்பது எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தயங்காதவர்கள் அதை நேராகவே பயன்படுத்தலாம். வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் உருவுவதற்கும் இதே வழிதான். வெட்டு, நாம் குறித்த இடத்திலிருந்து ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு தள்ளி விழலாம். பேச்சில் அது காதுக்கே தெரியாது.

சரி, நூறு ஃபைல் இருக்கிறது, எல்லாம் எம்பி3 ஆகத்தான் வேண்டும் என்றால்? எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டு மூளை உள்ள கம்ப்யூட்டரில் ஒன்றை மாற்றும்போது, அது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள், 12, 13 சதவீதத்தைத் தாண்டாது. எம்பி3 ஆக்கப் பெரும்பாலும் பயன்படுகிற லேம் என்ற நிரல் ஒரு ஃபைலுக்கு ஒரு கோரைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் பல ஃபைல்களை ஒரே சமயத்தில் ஓடவிட வேண்டும். விண்டோஸில் ஃபூபார்2000 என்ற மென்பொருள் இதைத் தானாகவே செய்துவிடுகிறது. கேசட் கதை வேறு. 60 நிமிட கேசட்டை வழக்கமான டெக்கில் ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்ற 60 நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம் எந்த மென்பொருள் என்ற கேள்வி. காராஜ்பேண்ட் நல்லதுதான், ஆனால் ஆப்பிளை விட்டு வெளியே வராது. அடோபி ஆடிஷனுக்குச் சந்தா கட்ட வேண்டும், லினக்ஸுக்குக் கிடையாது. ரீப்பர், ஆர்டோர் இரண்டும் மூன்று இடத்திலும் ஓடும். இசை, நாடகம் என்று பல டிராக், அதாவது தனித்தனி ஒலி அடுக்குகள் வைத்து வேலை செய்பவர்கள் அவற்றில் ஒன்றைப் பழகலாம். பேச்சுக்கும் பேட்டிக்கும் அவ்வளவு தேவையில்லை. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆடாசிட்டி இன்றும் இலவசம், மூன்றிலும் ஓடுகிறது. மேலே அதைக் குறை சொன்னேனே என்று நினைக்காதீர்கள். இரைச்சல் குறைப்பது, தாழ்ந்த குரலை ஏற்றுவது என்று ஒலிக்குள் கை வைக்கிற வேலை வந்தால் நான் போவது அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 2021க்கு முந்தைய ஆடாசிட்டியில் நாம் செய்த வெட்டு, திருத்தங்களைக் குறித்து வைக்கும் ஒரு சின்ன புராஜெக்ட் ஃபைலும், உண்மையான ஒலி முழுவதும் கிடக்கிற ஒரு டேட்டா ஃபோல்டரும் தனித்தனியாக இருக்கும். சின்னதை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் ஏராளம். 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே ஃபைல்தான், ஆனால் அதைப் பழைய பதிப்பு திறக்காது. ரீப்பரில் செய்த புராஜெக்டும் ஆடாசிட்டியில் திறக்காது. வேறு கம்ப்யூட்டர், வேறு மென்பொருள் வைத்திருப்பவரிடம் வேலையை ஒப்படைக்கும்போது, ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வகை) ஃபைலாக எடுத்துக் கொடுங்கள். அவர் எதில் திறந்தாலும் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

நன்றி, வணக்கம்.