12 லிட்டரில் ஒரு நாள்: நல்லர்பார் சாலையில் சைக்கிள் பயணம்

[காட்சி: இருட்டு. சைக்கிளின் முன்விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகத் தண்ணீர்ப் புட்டிகள்.]

மேற்கு ஆஸ்திரேலியாவின் பல்லடோனியா. ஜூலை மாதம், காலை ஐந்தரை மணி. ஊர் என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. ஒரு பெட்ரோல் பங்க், ஓர் உணவகம், தங்கச் சில அறைகள். மூன்றும் சேர்ந்ததைத்தான் ரோடுஹவுஸ் என்கிறார்கள். 1979-இல் விண்ணிலிருந்து விழுந்த ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தின் துண்டுகள் இந்தப் பக்கமெல்லாம் சிதறின. அதைப் பார்க்கவென்றே சிலர் வண்டியை நிறுத்துவார்கள். நம் சைக்கிள் பயணிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவர் தண்ணீரை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கிழக்கே அடுத்த ரோடுஹவுஸ் கைகுனா, 182 கிலோமீட்டர். சுமை ஏற்றிய சைக்கிளுக்கு இது ஒன்றரை நாள் தூரம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்குக் குளிர்காலத்திலேயே நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் தேவைப்படும். எதிர்காற்று அடித்தால் ஒன்றரை நாள் இரண்டு நாளாகிவிடும். ஆகவே 12 லிட்டர். அதாவது, கூடாரம், அடுப்பு, அரிசி, கருவிகள் எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு 12 கிலோ. அந்தப் பாரத்தை உயரத்தில் கட்டினால் வண்டி தள்ளாடும். அதனால் கனமான புட்டிகள் சக்கரத்தின் இருபுறமும் தாழத் தொங்கும் பைகளுக்குள் போகின்றன.

[காட்சி: வரைபடம். தெற்கே கடல், வடக்கே வெளிர்நிறச் சமவெளி.]

இங்கே ஏன் தண்ணீர் இல்லை? காரணம் பாறை. நல்லர்பார் சமவெளி ஏறத்தாழ 2,00,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சுண்ணாம்புக்கல் தளம். மழையே குறைவு, பெய்வதும் விரிசல்கள் வழியாகக் கீழே இறங்கிவிடும். ஆறு உருவாக வழியில்லை. நிலத்தடி நீரோ ஆழத்தில் கிடக்கிறது, பெரும்பாலும் உப்பு. வழியோரக் கடையில் குழாய்த் தண்ணீரை அள்ளித் தர மறுத்தால் அதைக் கஞ்சத்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கும் அது எளிதில் கிடைப்பதில்லை.

நல்லர்பார் என்றால் லத்தீனில் 'மரம் இல்லாதது'. ஆனால் சாலையின் இந்தப் பகுதியில் யூகலிப்டஸ் மரங்கள் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். மரமற்ற உண்மையான வெளியில் பெரும்பகுதி இன்னும் வடக்கே இருக்கிறது.

இந்த நெடுஞ்சாலைக்கு எட்வர்ட் ஜான் எயர் என்ற நிலத்தேடல் பயணியின் பெயர். 1841-இல் அவர் கிழக்கிலிருந்து கடலோரமாகப் பெரும்பாலும் நடந்தே இந்த நிலத்தைக் கடந்தார். கடைசிவரை உடன் வந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். குடிக்க எதுவும் கிடைக்காத நாட்களில் செடிகளின் மேல் படிந்த பனித்துளிகளைக் கடற்பஞ்சால் ஒற்றியெடுத்துப் பிழிந்து குடித்தார்கள். நெடுஞ்சாலையின் பெயர்ப் பலகையில் எயர் பெயர் மட்டும் இருக்கிறது. வைலியின் பெயரும் அதில் இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

[காட்சி: மஞ்சள் பலகை. அதற்கு அப்பால் வளைவே இல்லாத சாலை.]

காலை ஒன்பது மணிக்குமேல் இன்னொரு பலகை வருகிறது. தொண்ணூறு மைல் நேர்கோடு: 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவும் கிடையாது. கேட்பவர்கள் சலிப்பாக இருக்குமே என்பார்கள். உண்மையில் சலிக்க நேரம் விடாதது காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை 20 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்கொண்டால், அவர் உடல் சந்திப்பது 35 கிலோமீட்டர் காற்றை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். எனவே அமைதியான நாளைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமான தடை. அதே வேகத்தில் போக முடியாது, 10, 12 என்று இறங்கிவிடும். ஜூலையில் பகல் வெளிச்சமே ஏறக்குறைய பத்து மணி நேரம்தான். காற்று திரும்பினால் தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் தண்ணீர்க் கணக்கு மாறுகிறது.

அடுத்த கவலை ரோடு டிரெயின். ஒரு லாரித் தலையின் பின்னால் கோத்த பெட்டிகள், மொத்தம் 36.5 மீட்டர் நீளம் வரை. கண்ணாடியில் பின்னால் ஒன்று தெரிந்து, எதிரிலும் ஒன்று வந்தால், யோசிக்காமல் சாலையை விட்டுச் சரளையில் இறங்கிவிட வேண்டும். கௌரவம் பார்க்கும் இடமல்ல அது. சிலர் சிறிய ரேடியோ வைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுநர்கள் 40-ஆம் அலைவரிசையில் 'முன்னால் ஒரு சைக்கிள்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது கேட்கும். அந்தக் குரல் தரும் தெம்பு தனி.

[காட்சி: கழற்றிய டயர், மிக அருகில்.]

பிற்பகலில் பின்சக்கரம் தளர்கிறது. இந்தச் சாலையில் பஞ்சருக்கு முள் மட்டுமே காரணம் அல்ல. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது உள்ளிருக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் தார் மேல் பரவுகின்றன. தலைமுடி அளவுக்கு மெல்லியது, விரலுக்குத் தட்டுப்படாது. பயணி ஒரு பஞ்சுத் துணுக்கை டயரின் உட்புறம் மெதுவாக ஓட்டுகிறார். ஓர் இடத்தில் பஞ்சின் இழை ஒன்று பிடித்துக்கொள்கிறது. கம்பி அங்கேதான். புருவம் திருத்தும் இடுக்கியால் இழுத்தால் வருகிறது, அரை அங்குலம்கூட இல்லை. அதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால் பத்து கிலோமீட்டரில் அதுவும் போயிருக்கும்.

அருகே அடிபட்ட கங்காரு ஒன்றின் மேல் ஆப்புவால் கழுகு உட்கார்ந்திருக்கிறது. சிறகு விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் பறவை. வயிறு நிறைந்தபின் மேலெழ நேரம் பிடிக்கும். அதனால்தான் இவையும் வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன. சைக்கிளுக்கு அது அவசரமில்லாமல் பறந்து வழிவிடுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் அதைப் பார்க்கும் பேறு காரில் போகிறவருக்கு வாய்க்காது.

1896-இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் தந்திக் கம்ப வரிசையை வழிகாட்டியாகக் கொண்டு, ஒரு சிறு மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையுமாக இந்தச் சமவெளியை சைக்கிளில் கடந்தார். கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாட்கள். அப்போது தார்ச்சாலை இல்லை. இந்த நெடுஞ்சாலை முழுவதும் தார் கண்டது 1976-இல்தான்.

[காட்சி: மரங்களுக்கு இடையே சிறு கூடாரம்.]

ஐந்து மணிக்கு வெளிச்சம் போய்விடுகிறது. இன்றைய கணக்கு 118 கிலோமீட்டர். சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிக் கூடாரம். செல்போனில் சிக்னல் இல்லை, ஆபத்துக்குச் செயற்கைக்கோள் கருவி ஒன்று தலைமாட்டில். சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கிறார். பிறகு புட்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்: ஆறே கால் லிட்டர் மிச்சம்.

மறுநாள் 64 கிலோமீட்டர் ஓட்டிக் கைகுனா சேரும்போது அவர் கடிகாரத்தில் பதினொன்று. அந்த இடத்தைத் தாண்டினால் உள்ளூர் வழக்கப்படி முள்ளை 45 நிமிடம் முன்னே தள்ள வேண்டும். பையில் இன்னும் மூன்று லிட்டர் இருக்கிறது. அடுத்த ரோடுஹவுஸ் 65 கிலோமீட்டர். கடைக்காரரிடம் இரண்டு லிட்டர் மட்டும் விலைக்கு வாங்குகிறார்.