கூரையைப் பிரித்த நால்வர்

(மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழா நவநாளில் ஆற்றிய உரை)

அன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மாரியம்மன் கோயில் நிர்வாகத்திலிருந்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராத தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

குணமளிக்கும் அற்புதங்களைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: நற்செய்தி, என் சின்னம்மா, பிரான்சின் லூர்து திருத்தலம்.

மாற்கு இரண்டாம் அதிகாரம். கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு 'அவர்களுடைய' நம்பிக்கையைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. தூக்கியவர்களின் நம்பிக்கையும் அதில் உண்டு. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று என் பாட்டி சொல்வார்.

என் சின்னம்மாவுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் போயின. வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். வீடு நாலாவது மாடி. லிப்ட் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. ஒரு நாள், "போதும், ஆண்டவர் கூப்பிடட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாயங்காலமே கீழ்வீட்டு மலாய்க்கார அண்ணன், அவர் மகன், நம் பாடகர் குழுத் தம்பிகள் இருவர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து நின்றார்கள். "மாச்சிக், ஜோம்!" (அத்தை, வாங்க போகலாம்!) என்றார் அண்ணன். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார்கள். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை இறுகப் பிடித்திருந்தார். எட்டு மாதம் இப்படியே நடந்தது. சிறுநீரகம் திரும்பவில்லை. ஆனால் சாகத் துணிந்தவர், தினமும் அந்த நால்வர் பெயரையும் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். அந்த வருஷப் பவனியில் சக்கர நாற்காலியில், மடியில் மெழுகுவர்த்தியோடு வந்தார். என் விசுவாசம் பிழைத்தது அன்றைக்குத்தான்.

லூர்தில் மாதாவின் காட்சி கிடைத்தது 1858இல். திருச்சபை அங்கே 70ஆவது அற்புதத்தை அறிவித்தது 2018இல். அத்தனை நிதானம்! குணமாகாமல் திரும்புகிறவர்கள்தான் ஏராளம். அப்புறமும் போகிறார்கள், ஒருவர் சக்கர நாற்காலியை இன்னொருவர் தள்ளிக்கொண்டு. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வெளியே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. வேன் வைத்திருப்பவர்கள், படியிறக்கத் தெம்புள்ள தம்பிகள், வாரத்தில் ஒரு காலை தரக்கூடியவர்கள் பெயர் எழுதுங்கள். சிகிச்சைக்குப் போக ஆளில்லாமல் வீட்டில் கிடப்பவர்களைத் தெரிந்தால், எந்த மதமானாலும், அவர்கள் பெயரையும் எழுதுங்கள். கீழ்வீட்டு அண்ணன் இன்று வந்திருக்கிறார். முதல் வரியில் அவர் பெயர்தான் இருக்கிறது.