பெர் கெஸ்லே ஏன் மைக்கை மரீயிடம் கொடுத்தார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"ரோக்ஸெட்டின் 'லிசன் டு யுவர் ஹார்ட்' பாடலைத் தூக்கி நிறுத்தியது குரலா, ஸ்டூடியோவா?" இதுதான் இன்றைய தலைப்பு. ரோக்ஸெட் என்பது பெர் கெஸ்லேயும் பாடகி மரீ ஃப்ரெட்ரிக்சனும் சேர்ந்த ஸ்வீடன் இசை ஜோடி; இந்தப் பாட்டைப் பாடியவர் மரீ. குரலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று காரணங்களை அடுக்கினார். கிளாரன்ஸ் ஓவர்மனின் பிரமாண்டமான தயாரிப்பு ஒன்று. ஓலாந்து தீவின் போர்க்ஹோம் கோட்டை இடிபாடுகளில் எடுத்த வீடியோ இன்னொன்று. ஸ்வீடனில் படித்துவிட்டு மினியாபொலிஸ் திரும்பிய மாணவர் ஒருவர் உள்ளூர் வானொலியில் கொண்டுபோய்க் கொடுத்த ரோக்ஸெட் ஆல்பம் மூன்றாவது. மூன்றும் நடந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாணவரால் அமெரிக்காவில் ஒலித்தது ரோக்ஸெட்டின் வேறொரு பாட்டான 'தி லுக்'. 1989 ஏப்ரலில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த அந்தப் பாட்டைப் பெரும்பாலும் பாடியவர் பெர் கெஸ்லே. அடுத்து வந்த 'டிரெஸ்ட் ஃபார் சக்செஸ்' 14-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதாவது, அந்த அதிர்ஷ்டத்தின் வேகம் அதற்குள் தணிந்துவிட்டது. அதன் பிறகுதான் நம் பாடல் வந்து, நவம்பர் 4 தேதியிட்ட பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்தது.

இங்கே கெஸ்லேயின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹால்ம்ஸ்டாட் ஊர்க்காரர். கில்லேனே தீதர் குழுவின் பாடகராக 80-களின் தொடக்கத்தில் ஸ்வீடனையே ஆட்டிவைத்தவர். 1984-இல் ஆங்கிலத்தில் பாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1985-இல் குழு கலைந்தது. அதே ஆண்டு அவர் தனியாகப் போட்ட ஆல்பமும் ஓடவில்லை. அப்படி விழுந்த ஒரு பாடகர் எழுந்து வரும்போது, கையில் இருக்கும் மிகப் பெரிய மெட்டைத் தானே பாடத்தானே ஆசைப்படுவார்? மாட்ஸ் பெர்சனோடு சேர்ந்து அவரே உருவாக்கிய பாட்டு இது. அதை மரீ ஃப்ரெட்ரிக்சனிடம் கொடுத்தார். ஸ்டூடியோவே போதுமென்றால், அதே ஓவர்மன், அதே கீபோர்டு, அதே கிதார் இருக்க, கெஸ்லேயே பாடியிருக்கலாமே! தன் குரல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்த பாடகர் எடுத்த முடிவு அது.

அப்படி என்ன பாரம் அந்தப் பாட்டில்? பி மைனர் என்ற சுருதியில் தொடங்குகிறது. கிதார் தனியாக வாசிக்கும் இடத்துக்குப் பிறகு, கடைசி கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, டி மைனருக்கு ஏறுகிறது. மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் பவர் பாலட்களில் வழக்கமாக ஒரு அரை ஸ்வரமோ (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம்) இரண்டோ ஏற்றுவார்கள். இங்கே மூன்று. இந்த மாதிரிப் பாட்டுக்கு ஸ்கேல், அதாவது சுருதி, வைக்கும்போது பின்னாலிருந்துதான் கணக்குப் போட வேண்டும். கடைசி கோரஸின் உச்ச ஸ்வரத்தைப் பாடகர் கத்தாமல் பிடிக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து மூன்று அரை ஸ்வரம் இறங்கினால் முதல் கோரஸ். அதற்கும் கீழே வெர்ஸின், அதாவது சரணத்தின், அடி ஸ்வரம். உச்சத்துக்கு வசதியாக ஸ்கேலைக் குறைத்தால் வெர்ஸ் தொண்டைக்குள் புதைந்துபோகும். வெர்ஸுக்காகக் கூட்டினால் கடைசி கோரஸ் கிழியும். இரண்டு முனையிலும் கனம் குறையாத குரல் இருந்தால்தான் அந்த மூன்று அரை ஸ்வர ஏற்றத்தைக் கனவே காண முடியும். இசையமைப்பு அந்தக் குரலை அளந்து தைத்த சட்டை, நடுவர் அவர்களே.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய பாட்டைப் பாடுபவர்கள் பலரும் கோட்டை விடுவது முதல் கோரஸில். இருக்கிற பலத்தை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுவார்கள். பிறகு சுருதி ஏறும்போது சத்தம் ஏறும், உணர்ச்சி ஏறாது. மரீ முதல் வெர்ஸை மூச்சுக் காற்று கலந்து, கிட்டத்தட்டப் பேசுவதுபோல் பாடுகிறார். முதல் கோரஸில் முழு பலத்தையும் காட்டுவதில்லை. அந்த மிச்சத்தை எந்த மிக்ஸிங் பொத்தானும் கொடுக்காது.

ரிவெர்ப், அதாவது ஸ்டூடியோவில் குரலுக்குச் சேர்க்கும் எதிரொலி, பற்றியும் எதிரணி பெருமையாகச் சொன்னது. சரி, அதையும் பார்ப்போம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 தாளத் தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டின் நீளம் சுமார் 698 மில்லி செகண்ட். அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 87 மில்லி செகண்ட் தள்ளி எதிரொலியைத் தொடங்கினால் சொல் முன்னால் நிற்கும், எதிரொலி பின்னால் விரியும். தள்ளாமல் விட்டால் மெய்யெழுத்துகள் கரைந்துபோகும். ஆனால் பாடுபவர் மெய்யெழுத்தை மென்று விழுங்கினால், எதைத் தள்ளி வைத்து என்ன பயன்? ரிவெர்ப் இருப்பதைப் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது.

அமெரிக்க எஃப்.எம். வானொலிகளின் ராக் இசைப் பிரமாண்டத்தை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று பார்க்கவே இதைச் செய்தோம் என்று கெஸ்லேயே சொல்லியிருக்கிறார் என்பது எதிரணியின் கடைசி வாதம். உண்மைதான். ஆனால் 2005-இல் பெல்ஜியத்தின் டி.எச்.டி. என்ற இசைக்குழு இதே பாட்டை அமெரிக்காவில் 8-ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. அதில் நடன வடிவமும் உண்டு, மறைக்கவில்லை. கூடவே பியானோவும் ஒரு பெண் குரலும் மட்டுமான வடிவமும் வானொலிகளில் ஒலித்தது. பிரமாண்டத்தைக் கழற்றி வைத்த பிறகும் பாட்டு நின்றதே!

முடிக்கும் முன் அதே குரலின் இன்னொரு பாட்டு, 'இட் மஸ்ட் ஹேவ் பீன் லவ்'. 1987-இல் ஸ்வீடனின் கிறிஸ்துமஸ் பாட்டாக வந்தது. 1990-இல் 'ப்ரெட்டி வுமன்' படத்துக்குத் தேவைப்பட்டபோது மிக்ஸை மாற்றினார்கள், முகப்பிசையை மாற்றினார்கள். கிறிஸ்துமஸ் என்ற சொல் வரும் இடத்தை மட்டும் குளிர்கால நாள் என்று மரீ மாற்றிப் பாடிக் கொடுத்தார். அந்த ஆண்டு ஜூனில் இரண்டு வாரம் அமெரிக்காவில் முதலிடம். ஸ்டூடியோ வேலை மறுபடி தேவைப்பட்டது. 1987-இல் பதிவான குரலில் அந்த ஒரு வரியைத் தவிர வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.