விண்கல்லில் எவ்வளவு கிள்ளலாம்?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கழுத்துருவை மாற்றக் கொண்டுபோனால், காரைக்குடிப் பத்தர் அதை உரைகல்லில் லேசாக இழுத்துப் பார்ப்பார். பொன்னின் மாற்றுத் தெரிந்துவிடும். நகையில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. விண்கல்லில் மாதிரி எடுப்பவர்கள் விரும்புவதும் அதுதான். துளியும் சேதமில்லாமல் என்பது பேச்சுக்குத்தான். எவ்வளவு குறைவாக எடுக்கலாம் என்பதில்தான் திறமை.

கத்தி வைக்குமுன் எக்ஸ்ரே சி.டி. ஸ்கேன். உலோகம் எங்கே, காண்ட்ரூல் எனும் சிறு உருண்டைகள் எங்கே என்று முப்பரிமாணத்தில் பார்த்து, அறுக்குமிடத்தைக் குறிக்கிறார்கள். பிறகு வைரத்தூள் பதித்த மெல்லிய கம்பி ரம்பம். நம்மூர் கிரானைட் பட்டறை மாதிரி தண்ணீர் பீய்ச்சி அறுத்தால் காரியம் கெட்டது: உப்புகள் கரையும், இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெய் விட்டாலோ, கல்லிலுள்ள கரிமப் பொருளோடு கலந்துவிடும். அதனால் ஈரமில்லாமல், சூடேறாமல், நிதானமாக அறுக்கிறார்கள்.

அந்தத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். ஒரே சீவல் பல ஆய்வகங்களைச் சுற்றிவரும். அதைவிடச் சிறிதாக வேண்டுமா? காலியம் அயனிக் கற்றையால் செதுக்கி, சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள தகட்டையே எடுத்துவிடலாம். எனக்கு இன்றும் வியப்புத் தருவது இந்த வேலைதான்.

சில கேள்விகளுக்குக் கல்லைப் பலி கொடுத்தே தீரவேண்டும். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லின் துண்டுகளைப் பொடித்து, அமிலத்தில் கரைத்துத்தான் சூரியனைவிட மூத்த துகள்களைப் பிரித்தார்கள். அங்கே 100 கிலோவுக்கு மேல் கிடைத்ததால் மனசு வந்தது. ஹயபுசா-2 விண்கலம் 2020-இல் ரியூகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்ததோ 5.4 கிராம். அதில் ஒவ்வொரு துகளுக்கும் கணக்கு.

நம் செட்டிநாட்டுச் செம்மண்ணில் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தால் பெரும்பாலும் அது செம்புரைக் கல்லாகவோ இரும்புக் கசடாகவோதான் இருக்கும். இருந்தாலும் உடனே காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். வலுவான காந்தம் பட்டால், கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்துவைத்த காந்தப் பதிவு அழிந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் யாராலும் அதை மீட்க முடியாது. கழுவவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, கிடைத்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாப்பது அவர்கள் பொறுப்பு. நன்றி.